சான்றுப்பொருள் எண் 31

போர்வையை விலக்காதீர்கள் அம்மா, என் சித்தப்பா
என்றான் சமுனோர்வா முயாம்போ.
சிமானிமானியிலிருந்து இறங்கும் சாலை,
ஜூலைப் பனி, விடியற்காலை நாலரை.
பிக்கப் வண்டியின் பின்னால்
ஆறடி நீளத்துக்கு எதுவோ படுத்திருந்தது.
சித்தப்பாவுக்குக் கால் இல்லை.
கால் இருக்கவேண்டிய இடத்தில்
ஈரமண் ஒட்டிய கறுப்பு நார்.

விலக்கினேன்.
தலைமாட்டில் நான்கு மட்டைகள்
சணலால் இறுகக் கட்டியிருந்தன.
நடுவில், பழுப்பு மயிர் போர்த்து, ஒரு சுருள்:
வாலுக்குள் மூக்கைப் புதைத்துத் தூங்கும்
நாய்க்குட்டி.

பறிமுதல் படிவத்தில் கட்டங்கள் உண்டு.
பூவின் நிறம். காய். விதை, கிராமில்.
மூன்றிலும் கோடு போட்டேன்.
மரப்பெரணி, மட்டை நான்கு என்றெழுதி
அவனிடம் கையெழுத்து வாங்கினேன்.
ஓடைக்கரையில் பைன் கன்று வைக்க
நெருப்பு வைக்கிறார்கள் அம்மா,
எரியப்போவதைத்தானே எடுத்தேன் என்றான்.
முட்டாரேயில் ஒரு பங்களாத் தோட்டத்துக்கு
எண்பது டாலர் பேசியிருந்ததையும்
அவனேதான் சொன்னான்.
அடிமரத்தைத் தொட்டேன். உள்ளங்கை கரியானது.
எத்தனையோ தீ
அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

சான்றறையில்
சாராயக் கேன்கள், செப்புக்கம்பி,
தந்தமென்று நம்பிப் பிடித்த மாட்டுக்கொம்பு.
ஜன்னல் கிடையாது.
ஆகவே வெளியே
தண்ணீர்த்தொட்டி ஒழுகும் மூலையில் நட்டேன்.
நட்டேன் என்று பதிவேட்டில் எழுதவில்லை.
'நிற்கவைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

ஆகஸ்டில் நீதிபதிக்குக் காய்ச்சல்.
செப்டம்பரில் நீதிமன்றத்தில் மின்சாரம் இல்லை.
அக்டோபரில் வழக்கறிஞர் குவாட்டிட்ஸோவின் கார்
மலைப்பாதையில் நின்றுவிட்டது.
நவம்பரில் மழை.
எங்கள் வளாகத்தில்
ஒத்திவைக்கத் தெரியாதது அது ஒன்றுதான்.
நாய்க்குட்டி மூக்கை எடுத்தது,
முதுகை நிமிர்த்தியது,
ஒரு வாரத்தில் என் இடுப்பு, மறுவாரம் தோள்,
அப்புறம் நான் அளப்பதை விட்டுவிட்டேன்.
எழுத்தர் எமெல்டா கோப்பையில் மிஞ்சிய டீயை
அதன் காலில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.
லஞ்சம் தர வந்தவர்கள்கூட
அந்த நிழலில்தான் காத்திருந்தார்கள்.

டிசம்பரில் நீதிபதியே வளாகத்துக்கு வந்தார்.
குவாட்டிட்ஸோ விரல் நீட்டி எண்ணினார்.
ஒன்பது.
படிவத்தில் நான்கு, ஐயா.
என் கட்சிக்காரர் கொண்டுவந்தது இதுவல்ல.
பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லையென்று
இவர்களே எழுதியிருக்கிறார்கள்.
பிறகு இது எதிலிருந்து வந்தது?

நீதிபதி ஒரு இலையைப் புரட்டினார்.
அடியில் பழுப்புப் புள்ளிகள், தையல்போல.
சட்டைக்கையில் தூள் ஒட்டியது. தட்டினார்.
போகவில்லை.

அதுவரை பேசாதிருந்த முயாம்போ
என் பக்கம் திரும்பினான். பழைய நாலு மட்டை?
காய்ந்துவிட்டன. வெட்டிப் பெருக்கிவிட்டோம்.
ஐயோ, அதை அப்படியே விட்டிருக்கவேண்டும்,
பாவாடைபோல் தொங்கி
உடம்பைக் குளிரிலிருந்து காக்குமே என்றான்.
குற்றவாளி சான்றுப்பொருளோடு
உறவு கொண்டாடுகிறாரா என்றார் நீதிபதி.
சித்தப்பா என்று முன்பே சொல்லியிருக்கிறார் ஐயா,
வாக்குமூலம் இரண்டாம் பக்கம் என்றேன்.

அபராதம் மூன்று தவணை.
ஒவ்வொன்றையும் கட்டிவிட்டு
தொட்டி மூலைக்குப் போய்வந்தான்.
எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவும்
என்பது தீர்ப்பின் கடைசி வரி.
போய்ப் பார்த்தேன்.
எடுத்த இடத்தில் முழங்கால் உயரம் பைன்,
ஓடை, நூல்போல.
கோப்பில் 'நிலுவை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது ஈரச்சுவரில்
நகத்தளவு பச்சை, இங்கொன்றும் அங்கொன்றும்.
அதற்குப் படிவம் கிடையாது.
தொட்டி ஒழுகுவதைப் பற்றி
மேலிடத்துக்கு நான் இன்னும் எழுதவில்லை.